டீசலை யார் ஊத்துவாங்க?

கும்பகோணத்தில் ஜெனரேட்டர் விற்கும் ஒரு கடையில் அவள் வேலை பார்த்தாள். விற்பதுதான் அவள் வேலை. ஆனால் அந்தக் கடைக்குள் நுழைந்து, "ஜெனரேட்டர் வேணும்" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு வாங்காமல்தான் வெளியே வந்திருப்பார்கள். அவள் கேட்ட கேள்விகளுக்கு வீட்டுக்குப் போய் விடை தெரிந்துகொண்டு திரும்ப வரவேண்டியிருக்கும். நானும் முதல் நாள் அப்படித்தான் பஸ் ஏறினேன். இத்தனைக்கும் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் அது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் இலவசமாகக் கொடுத்திருந்தது. அவற்றைச் சுற்ற வைக்கத்தான் கரண்ட் இல்லை. மற்ற வீடுகளுக்கு அது வேர்வை, எரிச்சல். எங்கள் வீட்டுக்கு அது அத்தாவின், என் அப்பாவின், மூச்சு. முப்பது வருடம் நெல் மில் நடத்தி, உமித் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து அத்தாவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஒரு நாளில் பெரும்பகுதி ஆக்சிஜன் மெஷினோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது.

சவூதியில் இருந்த என் தம்பி போனில் தீர்மானமாகச் சொன்னான். "அக்கா, இருக்கறதுலயே பெரிய டேங்க்கா வாங்கிடு. ஒரு தடவை ரொப்பினா வாரம் பூரா கவலை இல்லாம ஓடணும்."

கடை முதலாளியிடம் நான் அதையே சொன்னேன். அவர் சந்தோஷமாக ஐம்பது லிட்டர் டேங்க் வைத்த ஒரு மெஷினைத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் அவள் கையில் ஒரு பழைய பில் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை. ஆண்கள் போடுகிற பெரிய வாட்ச். பாலிடெக்னிக்கில் படித்தவள் என்று பிறகு தெரிந்தது.

"கரண்ட் எவ்வளவு நேரம் போகுதுங்க?" என்றாள்.

"ரொம்ப நேரம் போகுது."

"ரொம்ப நேரம்னா?"

"பாதி நாளு இருக்காதுன்னு வெச்சுக்கங்களேன்."

"சேந்தாப்புல போகுதா, விட்டு விட்டுப் போகுதா? ஒரே மூச்சுல அதிகமாப் போனது எத்தனை மணி நேரம்?"

எனக்குத் தெரியவில்லை. ஆக்சிஜன் மெஷின் எத்தனை வாட் என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம், பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரம், அத்தாவின் கட்டில் எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். முதலாளி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேள்விகளில் அதட்டலோ கிண்டலோ இல்லை. நான் சொல்லப்போகும் விடை நிஜமாகவே ஆச்சரியமான ஒன்றாக இருக்கும் என்பதுபோல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"டீசலை யார் ஊத்துவாங்க?"

"எங்கம்மா ஊத்துவாங்க. நான் பள்ளிக்கூடம் போயிடுவேன்."

"அம்மாவுக்கு எவ்வளவு கனம் தூக்க முடியும்?"

அந்த வாரம் முழுவதும் அம்மாவை, கரண்ட் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவளே மொபெட்டில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். கடையில் இப்படி வீட்டுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இல்லை. அவளாக வந்தது.

வந்தவள் முதலில் கொல்லையில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். ஆடியில் மேல்காற்று, ஐப்பசியில் வாடைக்காற்று, இரண்டிலும் புகை அத்தாவின் ஜன்னலுக்குள் வராத மூலை எது என்று தேடினாள். மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, "அடைஞ்ச எடத்துல வெச்சா பாய் மட்டுமில்ல, நீங்களும் சேந்து மயங்கி விழுந்துருவீங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து, இடுப்பு உயரத்தில் ஒரு வாளி வைத்து, புனல் வழியாக அம்மாவை ஊற்றச் சொன்னாள். அம்மா பாதி ஊற்றும்போதே கேன் சரிந்து, புடவையெல்லாம் தண்ணீர்.

"இது டீசலா இருந்து, பக்கத்துல எஞ்சின் சூடா இருந்தா?" என்றாள் அவள்.

அங்கேயே நின்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆக்சிஜன் மெஷின், ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். இதற்கு மணிக்கு முக்கால் லிட்டர் ஆகும். கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது என்பதை வைத்து டேங்க் அளவை முடிவு செய்யக் கூடாதாம். ஊற்றக்கூடிய ஆள் வீட்டில் எவ்வளவு நேரம் இல்லை என்பதுதான் அளவாம். நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்குத் திரும்புகிறேன். பஸ் தாமதமானால் ஆறரை. அந்தப் பத்தரை மணி நேரம் அம்மா கேனைத் தொடாமல் ஓட வேண்டும். அதற்கு எட்டு லிட்டர், கைக்காவலுக்குக் கொஞ்சம் சேர்த்துப் பன்னிரண்டு லிட்டர் டேங்க்.

"தம்பி அம்பது லிட்டர் சொன்னானே" என்றேன்.

"கரண்ட் ஒழுங்கா வர்ற மாசத்துல அம்பது லிட்டர் உங்க வீட்டுல எப்பத் தீரும் டீச்சர்? பாதி காலியா கெடக்குற டேங்க்ல காத்து ஈரம் உள்ள எறங்கும். டீசல் கெட்டுப் போயிரும். வேணும்னா தனியா ஒரு பத்து லிட்டர் கேன் வெச்சுக்கங்க. மாசாமாசம் அதை ஊத்தித் தீத்துட்டுப் புதுசு புடிங்க."

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் அது நடந்தது. அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டே அவரிடம் கேட்டாள். "பாய், இன்னும் எத்தனை வருஷம் இது வேணும்னு டாக்டர் சொன்னாங்க?"

அம்மா கையிலிருந்த டம்ளரை நங்கென்று மேசையில் வைத்தார். எனக்கு முகம் சுட்டது. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும், ஒருவருக்கொருவர்கூடக் கேட்டதில்லை.

அத்தா மூக்கிலிருந்த குழாயைச் சரி செய்துகொண்டு அவளைப் பார்த்தார். "மூணு" என்றார். "மூணு வருஷம் ஓட்டலாம்னு சொன்னாரு. என்கிட்ட மட்டும் சொன்னாரு."

"அப்ப பெரிய எஞ்சினே வேண்டாம் பாய். சின்னதே தாங்கும்" என்றாள்.

அத்தா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் போன பிறகு அம்மா இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அத்தா அன்று மாலை மில்லை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னிடம் பேச ஆரம்பித்தார். அந்த ஒரு எண்ணை ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறார்.

அவளைப் பற்றி முதலாளியிடம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு ஆள் வீட்டுக்கு ஜெனரேட்டர் கேட்டு வந்தானாம். இவள் துருவித் துருவிக் கேட்டதில் இரண்டு லைட்டும் ஒரு டிவியும்தான் அவன் தேவை என்று வெளியே வந்ததாம். "எதிர்த்த கடையில பேட்டரி வெச்ச இன்வெர்ட்டர் வாங்கிக்கங்க, அது போதும்" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடாத குறையாக அனுப்பிவிட்டாளாம்.

"எதிர்த்த கடைக்கு வியாபாரம் புடிக்கறதுக்கா உனக்கு நான் சம்பளம் குடுக்கறேன்னு கேட்டேன். 'அவருக்கு ரெண்டு லைட்டுதான் சார்'ங்கறா" என்று என்னிடமே சொன்னார். ஆனாலும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவள் கொடுத்த மெஷின் எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஒரே ஒருவரிடம்தான் அவள் கேள்வி பலிக்கவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே நான்கு மைலில் ஒரு பண்ணை வீடு. நிலமெல்லாம் உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, விற்றது போக, இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்த குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் கடைக்கு வந்து நூறு லிட்டர் டேங்க் கேட்டார். எத்தனை மணி நேரத்துக்கு என்று இவள் கேட்டாள்.

"ஊரே இருட்டா கெடந்தாலும் என் வீட்டுல லைட்டு எரியணும். அவ்வளவுதான்" என்றாராம்.

"மாசத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டி விடணும் சார். இல்லாட்டி டீசல் உக்காந்துரும்" என்று சொல்லிப் பார்த்தாளாம். அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல், "இது எந்த ஊர்ப் பொண்ணு?" என்று முதலாளியிடம் கேட்டாராம். முதலாளி ஊரையும் தெருவையும் சொன்னதும் பேச்சு நின்றுபோனதாம். அவள் அப்பா அந்தப் பண்ணையில் கூலி வேலை பார்த்து, பிறகு அவர்களுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். பெரியவர் அந்த நிலத்தைப் பிளாட் போட விற்கப் பார்த்தார். இவள் அப்பா வெளியேற மறுத்தார். குத்தகைப் பதிவு தன் பேரில் இருக்கிறது என்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. நூறு லிட்டர் டேங்க் விலைபோனது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம் புயல் வந்தது. வியாழக்கிழமை விடியலில் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தெருவில் ஒரு கரண்ட் கம்பமும் நிற்கவில்லை. தென்னைகள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. செல்போனில் சிக்னல் இல்லை. பெட்ரோல் பங்கின் பக்கத்தில் இருந்த புளியமரம் அதன் கூரைமேல் விழுந்திருந்தது. எங்களிடம் டேங்க்கில் பன்னிரண்டு லிட்டர், கேனில் பத்து. அத்தா சாப்பிடும்போதும், நிமிர்ந்து உட்கார முடிந்தபோதும் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் மைக் இல்லாமல் மோதினார் மொட்டை மாடியில் நின்று தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்த நேரம், முழங்கால்வரை சேற்றோடு அவள் வாசலில் மொபெட்டை நிறுத்தினாள். பின்னால் நான்கு காலி கேன்களைக் கயிற்றால் கட்டியிருந்தாள்.

"எவ்வளவு இருக்கு டீச்சர்?"

"நாலு லிட்டர்" என்றேன். அன்றைக்கு நான் அளந்து வைத்திருந்தேன்.

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் வரும். என்கூட வாங்க. கேனைப் புடிச்சுக்க ஆள் வேணும்."

போகிற வழியில் சொன்னாள். காலையிலிருந்து, தான் மெஷின் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறாள். எந்த வீட்டில் எது ஓடுகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். டிவிக்காக வாங்கியவர்களை விட்டுவிட்டு, நிற்கவே கூடாத நான்கு வீடுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று எங்களுடையது. நான்கு வீட்டிலும் மாலைக்குள் தீர்ந்துவிடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் டீசல் மிச்சமிருக்கிற வீடு ஒன்றுதான்.

"அங்கயா?" என்றேன்.

"அங்கதான்."

பண்ணை வீட்டு முற்றத்தில் மாமரம் சாய்ந்து கிடந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் லைட் எரியவில்லை. புயல் அன்று காலை ஜெனரேட்டர் கால் மணி நேரம் ஓடித் திணறி நின்றுவிட்டதாம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள், பிறந்து பத்து நாளான குழந்தை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. பெரியவரின் மனைவி குளத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப ஓட்டினீங்க சார்?" என்றாள். அவளுடைய தெருக்காரர்கள் அவரை ஐயா என்பார்கள். இவள் சார் என்றாள்.

"போன வருஷம் எப்பவோ."

"எந்த மாசம்?"

அவர் எரிச்சலோடு பார்த்தார். உள்ளே இருந்து அந்த அம்மாள்தான், "பொங்கலுக்கு" என்றார்.

அவள் டேங்க்கின் அடியில் இருந்த திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தாள். அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடியில் தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவே கறுப்பாக வழவழவென்று ஒரு பாசி. நான் சொன்னேனே என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் பாட்டிலை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து அந்தப் பாசி எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு வளந்து நான் பாத்ததே இல்ல" என்று பெரியவரிடமே நீட்டினாள். அவரும் வாங்கிப் பார்த்தார்.

தெளிந்த டீசல் வரும்வரை அடியில் வடித்துவிட்டாள். மேலே இருந்ததை வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கேன்களில் ஊற்றி, தெளிய வைத்தாள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றாள். சாய்ந்த மரத்தில் இருவரும் உட்கார்ந்தோம்.

"அந்தா தெரியுது பாருங்க, களத்துக்கு அந்தப் பக்கம். அந்த ஆறு மாவுக்குத்தான் கேஸ்" என்றாள். பயிரெல்லாம் தண்ணீரில் படுத்துக் கிடந்தது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வருடம் ஆற்றில் முறைத் தண்ணீர் வரவில்லையாம். வாடகைக்கு ஆயில் எஞ்சின் எடுத்து அவள் அப்பா குளத்திலிருந்து இறைத்தார். டேங்க் நிறைய இருக்கிறது என்று எஞ்சின்காரன் சொன்னான். நாற்றங்காலில் பாதிக்குத் தண்ணீர் பாய்ந்ததும் நின்றுவிட்டது. அடுத்த நாள் எஞ்சின் வேறு ஊருக்குப் போய்விட்டது. பாதி நாற்றங்கால் காய்ந்தது. "யாருமே ஒரு குச்சியை உள்ள விட்டுப் பாக்கல டீச்சர்" என்றாள். அதனால்தான் அவள் இப்படி ஆனாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளோடு பிறந்த இரண்டு அண்ணன்களும் அதைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் யாரையும் கேள்வி கேட்டதில்லை.

ஃபில்டரைக் கழுவி, குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றிவிட்டாள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. மோட்டார் ஓடி மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

பெரியவர் எழுந்து நின்றார். "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"நாப்பது லிட்டர் டீசல் சார். நாலு வீட்டுக்கு. மீதி உங்களுக்கு நாலு நாளைக்குத் தாராளமா வரும். மோட்டாருக்கும் ஃபேனுக்கும் மட்டும் ஓட்டுங்க."

அவர் இன்னும் எதற்கோ காத்திருந்தார். "உங்கப்பன் போட்ட கேஸைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"அது நீங்க போட்ட கேஸ் சார். நாங்க பதில்தான் போட்டிருக்கோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, தப்பாகச் சொன்ன எண்ணைத் திருத்துவதுபோல இருந்தது. "அது கோர்ட்டுல இருக்கு, அங்க பேசிக்குவோம். இப்ப இந்த நாப்பது லிட்டர்."

அவர் தலையை ஆட்டினார். கேன்களை மொபெட்டில் ஏற்ற அந்த அம்மாள் வந்து ஒரு கை பிடித்தார்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது மூன்றரை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடான எஞ்சினில் ஊற்றக் கூடாது என்று நிறுத்தி, அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய சிலிண்டரை அத்தாவுக்கு மாற்றி, வாட்சைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் நின்றாள். பிறகு ஊற்றினாள். ஊற்றியதும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மரங்களை வெட்டி ரோட்டில் வழி விட்டார்கள், டவுனில் டீசல் கிடைத்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது ஒன்பதாம் நாள்.

வழக்கு அதன்பிறகும் நடந்தது. புயல் நாளில் நாலு கேன் டீசல் கொடுத்ததற்காக யாரும் யாருக்கும் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவர் இறந்த பிறகு நாலு மா இவர்கள் பேருக்கு வந்ததாகவும், மீதி இரண்டு மாவுக்கு மகன்கள் மேல்முறையீடு செய்ததாகவும் கேள்விப்பட்டேன். அவளுக்குத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அத்தா டாக்டர் சொன்ன மூன்று வருடத்தைத் தாண்டி, நாலாவது வருடத்தில் ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்தார். கணவன் இறந்தவர்கள் நாலு மாதம் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் அம்மா இருந்த சமயம், எப்படியோ தெரிந்துகொண்டு அவள் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"கடைசி நாளு கரண்ட் இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சு. மெஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் தோள் இறங்கியது. திருச்சியிலிருந்து வரும் வழியெல்லாம் இதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அன்னிக்குக் காலையில பாய் என்ன சாப்பிட்டாங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு மாதமாக வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஏதாவது சொன்னார்கள். பொறுமையாக இருங்கள் என்றார்கள், அல்லாஹ் நாடியது என்றார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இடியாப்பம்" என்றார் அம்மா. "ரெண்டு. ரெண்டுகூட இல்ல, ஒண்ணரை."

"எத்தனை மணிக்கு?"

"எட்டேகால் இருக்கும். இவ பஸ்ஸுக்குப் போயிட்டா." அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு சுவரில் சாய்ந்தார். "ஒம்போது மணிக்கு மழை புடிச்சுது. ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம், தொறந்தே இருக்கட்டும், மில்லுக் கூரையில மழை விழுகிற சத்தம் கேக்குது, கேட்டுட்டுப் போறேன்னாரு."

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அத்தா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. "அப்புறம்?" என்று அவள் கேட்டாள். அம்மா மணி மணியாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.